விளைந்த பின் என்ன? : சமுதாயக் கல்லூரியில் வேளாண் வணிகக் கல்வி



நம் பள்ளியின் குறள் ஒப்பித்தல் போட்டிக்காகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் அதிகாரங்களுள் 104ஆம் அதிகாரமாகிய உழவும் ஒன்று. உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்பாய்ச்சல், பயிரைக் காத்தல் ஆகியவற்றையெல்லாம் வள்ளுவர் அங்கே எடுத்துரைக்கிறார். விளைந்ததை யாரிடம், எப்பொழுது, என்ன விலைக்கு விற்பது என்னும் வினா அவ்வதிகாரத்தில் எழவில்லை. வாணிகத்தைப் பற்றி அவர் கூறுவது நெடுந்தொலைவுக்கு முன்னே, நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில். இவ்விரண்டு அதிகாரங்களுக்கும் இடையேயுள்ள அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே இக்காலத்தில் ஒரு படிப்பு உண்டு. அதற்கு வேளாண் வணிகம் என்று பெயர். கலிபோர்னியாவில் அதனை மிகக் குறைந்த செலவில் கற்பிக்கும் இடங்கள் சமுதாயக் கல்லூரிகள். அதாவது, கம்யூனிட்டி காலேஜ் என்று நாம் வீட்டில் வழங்கும் கல்லூரிகள்.

இப்படிப்பின் தேவையை உணர ஓர் எண் போதும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அண்மைக்காலக் கணக்குப்படி, இந்நாட்டில் விளைந்த உணவுக்கு மக்கள் செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் உழவரைச் சென்றடைவது ஏறத்தாழ 15 அல்லது 16 சென்ட்டே. எஞ்சிய 84 சென்ட்டும் பதப்படுத்துவோர், பெட்டியில் அடைப்போர், சரக்குந்து உரிமையாளர், மொத்த வணிகர், கடைக்காரர், உணவகத்தார், வங்கியார் எனப் பலரிடையே பிரிந்து போகிறது. இதனைக் கொள்ளை என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. அறுத்த சில மணி நேரத்துக்குள் குளிரூட்டி, குளிர்பதன வண்டியில் ஏற்றாவிட்டால் சலினாஸ் பள்ளத்தாக்கின் லெட்டூஸ் கீரை நியூயார்க் நகரைக் காணுமுன்னே அழுகிவிடும். அவ்வேலைக்குக் கூலி உண்டல்லவா? ஆயினும், அந்த 84 சென்ட் எவ்வழியே செல்கிறது என்பதை அறியாத உழவர், தம் பங்காகிய 16 சென்ட்டையும் காத்துக்கொள்வது அரிது.

1955ஆம் ஆண்டில் ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஜான் டேவிஸ் என்பவர் இவையனைத்தையும் ஒரே தொழிலாகக் காணவேண்டும் என்று கூறி, வேளாண்மையையும் வணிகத்தையும் இணைத்து 'அக்ரிபிசினஸ்' என்னும் புதுச்சொல்லை வழங்கினார். விதையும் உரமும் விற்பவர் முதல் கடைசியில் பொட்டலத்தை அடுக்கும் கடைக்காரர் வரை எல்லாரும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் என்பது அவர் கருத்து. 1957இல் ரே கோல்ட்பர்க் என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. வேளாண் வணிகப் பாடத்திட்டங்கள் இன்றும் அச்சங்கிலிக் கருத்தைத் தழுவியே அமைகின்றன.

இனிக் கல்லூரியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சமுதாயக் கல்லூரி என்பது இந்நாட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு. 1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளியை முடித்த 6 மாணவர்களுக்கு அதே கட்டடத்தில் கல்லூரிப் பாடங்களைத் தொடங்கினார்கள். அதுவே அரசுச் சார்பான முதற் சமுதாயக் கல்லூரி. கலிபோர்னியாவில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிவிட்டது. 1910இல் பிரெஸ்னோவிலும், 1921இல் மொடெஸ்டோவிலும், 1926இல் ரீட்லியிலும் இத்தகைய கல்லூரிகள் எழுந்தன. இவை யாவும் திராட்சையும் பீச்சும் பாலும் விளையும் ஊர்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியற்ற உழவர் பிள்ளைகளுக்காக வயலருகே கல்லூரி வந்தது. இன்று இம்மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

நம்மவரிடையே இக்கல்லூரியின் பெயரைச் சற்றுக் குரல் தாழ்த்திச் சொல்லும் வழக்கம் உண்டு. இடம் கிடைக்காத பிள்ளை போகுமிடம் என்ற எண்ணம். நுழைவுத் தேர்வையும் மதிப்பெண் பட்டியலையும் தாண்டி வந்த தலைமுறை நாம். வாயிலில் காவலர் இல்லையென்றால் உள்ளே பொருளும் இல்லை என்று கருதிவிடுகிறோம். சமுதாயக் கல்லூரி வருவோரைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது மெய். வந்தவரை உழைக்க வைக்காமல் விடும் என்பது மெய்யன்று. முதலாண்டுப் பொருளியல் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

வேளாண் வணிகத்தில் ஈராண்டுப் பட்டம் பெறுவதற்கு 60 அலகுகள், அதாவது 60 யூனிட்டுகள், படிக்கவேண்டும். ஆங்கிலம், கணிதம், வரலாறு, அறிவியல் ஆகிய பொதுப் பாடங்கள் ஒரு பாதியும் மேலும். மறுபாதியில் வேளாண் வணிக அறிமுகம், வேளாண் பொருளியல், வேளாண் கணக்கியல், சந்தைப்படுத்தல், விற்பனையும் தொடர்பாடலும், கணிப்பொறிப் பயன்பாடு, புள்ளியியல், மண்ணியல் அல்லது பயிரியல் போன்றவை இடம்பெறும். கல்லூரிக்குக் கல்லூரி இது சிறிது மாறும். பெயர்களைப் பார்த்தால் வறண்ட பாடங்களாகத் தோன்றும். ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்ட ஒரேயொரு கணக்கைச் செய்து பார்ப்போம். மாணவர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்க.

ஒருவருக்குப் பாதாம் தோட்டம் இருக்கிறது. எளிமைக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் 2,000 பவுண்டு பருப்பு விளைகிறது. ஆண்டுச் செலவு ஏக்கருக்கு 4,000 டாலர். அப்படியானால் பவுண்டு 2 டாலருக்கு விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சரி, சந்தையில் விலை 1.50 டாலராக விழுந்துவிட்டது. வரவு 3,000 டாலர். நட்டம் 1,000 டாலர். இவ்வாண்டு விவசாயமே வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டு இருப்பது நல்லதா?

அனுபவமில்லாதவர் ஆம் என்பார். கணக்கியல் படித்தவர் அந்த 4,000 டாலரை இரண்டாகப் பிரிப்பார். கடன் தவணை, நிலவரி, காப்பீடு, இயந்திரத் தேய்மானம் ஆகியவை ஏக்கருக்கு 1,500 டாலர் எனக் கொள்வோம். பயிர் செய்தாலும் செய்யாவிட்டாலும் இவை நிற்கமாட்டா. ஆதலால் இவை மாறாச் செலவு. நீர், உரம், மருந்து, கூலி, அறுவடை, தேனீ வாடகை ஆகியவை 2,500 டாலர். இவை மாறும் செலவு. தோட்டத்தைச் சும்மா விட்டால் நட்டம் 1,500 டாலர். பயிர் செய்தால் 1,000 டாலரே. ஆகவே நட்டத்திலும் பயிர் செய்வதே அறிவுடைமை! விலை 1.20 டாலர் ஆனால்? வரவு 2,400, மாறும் செலவுக்கே அது போதவில்லை, நட்டம் 1,600 ஆகிறது. இப்பொழுது நிறுத்துவதே மேல். எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். (விடை: 1.25 டாலர்.)

தேனீக்கு வாடகையா என்று வியப்பவர்களுக்கு ஒரு சொல். பிப்ரவரியில் பாதாம் பூக்கும்போது மகரந்தச் சேர்க்கைக்காக ஏக்கருக்கு ஏறத்தாழ 2 தேனீப் பெட்டிகள் வேண்டும். நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் அவை சரக்குந்துகளில் வந்து சேர்கின்றன. அண்மை ஆண்டுகளில் ஒரு பெட்டிக்கு 200 டாலர் அளவில் வாடகை.

மேலே கண்டது வகுப்பறைக் கணக்கு. மெய்யான தோட்டத்தில் நீரை நிறுத்தினால் மரமே பட்டுப்போகும். ஆகையால் அங்கே எழும் வினா, இவ்வாண்டு அறுப்பதா விடுவதா என்பதன்று, மரங்களை வைத்துக்கொள்வதா பிடுங்குவதா என்பதே. இது கற்பனையுமன்று. 2014ஆம் ஆண்டு விளைச்சலுக்குக் கலிபோர்னியப் பாதாம் உழவர் பெற்ற விலை பவுண்டுக்கு ஏறத்தாழ 4 டாலர். அதைக் கண்டு பலரும் கடன் வாங்கி நட்டார்கள். பாதாம் மரம் முதல் விளைச்சலுக்கு மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்கச் செய்யும். பிறகு 20, 25 ஆண்டுகள் காய்க்கும். நட்டவை எல்லாம் ஒருசேரக் காய்க்கத் தொடங்கியபோது, காய்க்கும் பரப்பு 13 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. 2019இல் இந்தியா அமெரிக்கப் பாதாமுக்குக் கூடுதல் சுங்கவரி விதித்தது. 2023இலேதான் அது நீங்கியது. இடையே 2021இல் துறைமுக நெரிசல். 2020 முதல் சில ஆண்டுகள் விலை 2 டாலருக்கும் கீழே கிடந்தது. 5ஆம் எண் நெடுஞ்சாலையில் லாஸ் ஏஞ்சலிசுக்குப் பயணம் செய்த நம் குடும்பங்கள், வேரோடு சாய்த்துக் கிடத்தப்பட்ட மரவரிசைகளைக் கண்டிருக்கலாம். அதைப் பயிர்நோய் என்று எண்ணியவர் உண்டு. சாய்த்தவற்றுள் வயது முதிர்ந்த மரங்களும் இருக்கும். எஞ்சியவற்றைச் சாய்த்தது கடன் தவணையும் நீர்ப்பற்றாக்குறையுமே.

விலை உயரும்போது அனைவரும் நடுவதும், காய்க்கும்போது விலை வீழ்வதும் பழைய கதை. தஞ்சைப் பகுதியிலோ யாழ்ப்பாணத்திலோ பெரியவர்களைக் கேட்டால், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இதே கதையைச் சொல்வார்கள். அவர்கள் அதனை விதி என்றனர். வேளாண் பொருளியல் வகுப்பில் அதனைக் கோடு வரைந்து காட்டுகிறார்கள். நடுமுன்னே விலை பேசி ஒப்பந்தம் செய்வது எவ்வாறு, முன்பேர வணிகத்தைக் காப்பாகப் பயன்படுத்துவது எவ்வாறு, பயிர்க் காப்பீடு எதற்கு ஈடு தரும், எதற்குத் தராது என்பன அடுத்த பாடங்கள். தக்காளிச் சாறும் பசையும் செய்யும் ஆலைகளுக்கு விளைவிக்கும் கலிபோர்னிய உழவர், பெரும்பாலும் டன்னுக்கு இன்ன விலை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டே நடுகின்றனர். பாதாமில் அப்படியில்லை. இந்த வேற்றுமை ஏன் என்பதே ஒரு தேர்வு வினாவாக வரத்தக்கது.

கூட்டுறவும் பாடத்தில் உண்டு. பாதாம் உழவர் 1910இலும், உலர்திராட்சை உழவர் 1912இலும் கூடித் தொடங்கிய அமைப்புகளே இன்று புளூ டைமண்டு, சன்மெய்டு என்னும் பெயர்களில் நம் சமையலறை அலமாரியில் இருக்கின்றன. பாயசத்தில் இடும் திராட்சையின் பெட்டியில் சிவப்புத் தொப்பி அணிந்த பெண்ணைப் பாருங்கள். அவள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சின்னம். உழவர் கூடி விலை பேசுவது தனியுரிமைத் தடைச் சட்டத்துக்கு மாறானதா என்ற ஐயம் எழுந்தபோது, 1922ஆம் ஆண்டின் கேப்பர்-வோல்ஸ்டெட் சட்டம் அவர்களுக்குக் காப்பளித்தது.

கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்தப் பண்ணை உண்டு. சான்டா ரோசா ஜூனியர் கல்லூரியின் ஷோன் பண்ணை 365 ஏக்கர். அங்கே திராட்சைத் தோட்டமும் காய்கறி நிலமும் கால்நடையும் காடும் உள. தாம் விளைவித்ததை மாணவர்கள் தாமே விற்கும்போதுதான், நாற்பது பெட்டி தக்காளி வெள்ளிக்கிழமை மாலையில் விற்காமல் நின்றால் என்ன செய்வது என்னும் வினா உயிர்பெறுகிறது.

இங்கே சற்று விலகி ஒருவரை நினைவுகூர விரும்புகிறேன். பஞ்சாபில் பிறந்த திலீப் சிங் சௌந்த், உணவைப் பதப்படுத்தும் கலையைக் கற்க 1920இல் பெர்க்கிலிக்கு வந்தார். கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். அக்காலத்தில் இந்தியருக்கு இங்கே வேலையும் இல்லை, குடியுரிமையும் இல்லை. இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழவராகவும் பின்னர் உர வணிகராகவும் வாழ்ந்து, 1949இல் குடியுரிமை பெற்று, 1956இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசியாவிலிருந்து வந்தவர்களுள் அவரே முதல்வர். வேறு வழியின்றி அவர் புகுந்த தொழிலை நம் பிள்ளைகள் விரும்பித் தேர்ந்தெடுக்கலாம். இன்றைய வேற்றுமை அவ்வளவே.

இனிப் பெற்றோர்கள் கேட்கும் வினாவுக்கு வருவோம்: செலவு எவ்வளவு, பிறகு என்ன?

இம்மாநிலத்தில் ஓராண்டுக்கு மேல் குடியிருப்போருக்குச் சமுதாயக் கல்லூரியில் ஓர் அலகுக்குக் கட்டணம் 46 டாலர். 2012 முதல் அது மாறவில்லை. 60 அலகுக்கும் சேர்த்து 2,760 டாலர். புத்தகம், சிறு கட்டணங்கள், தங்குமிடம் தனி. ஒப்பிட்டுப் பார்க்க, கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் கட்டணம் 2024-25இல் ஓராண்டுக்கே 6,084 டாலர். மேலும், முதன்முதலாக, முழுநேரமாகச் சேரும் மாணவருக்குப் பல கல்லூரிகள் முதலிரண்டு ஆண்டுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கின்றன.

2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி 'மாற்றத்துக்கான ஈராண்டுப் பட்டம்' என்று ஒன்று ஏற்பட்டது. வேளாண் வணிகத்திலும் அது உண்டு. அதனை உரிய தகுதியோடு முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாமாண்டில் ஓர் இடம் உறுதி. அங்கே மேலும் 60 அலகு முடித்தால் இளங்கலைப் பட்டம். கூர்ந்து படியுங்கள்: அமைப்பில் இடம் உறுதி, விரும்பிய வளாகத்தில் உறுதியன்று. பிரெஸ்னோ, சிகோ, பொமோனா, சான் லூயிஸ் ஒபிஸ்போ ஆகிய நான்கு வளாகங்களில் வேளாண்மைக் கல்லூரிகள் உள. இவற்றுள் கடைசியில் சொன்னதில் நுழைவது கடினம். டேவிசு வளாகத்துக்குச் செல்ல விரும்புவோருக்கு வேறு விதிகள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஈராண்டுப் படிப்பை ஈராண்டில் முடிக்காதவர் மிகப் பலர். சிலர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், அது குற்றமன்று. ஆனால் வேறு சிலர், தேவையற்ற பாடங்களைப் படித்து, தேவையானதை விட்டுவிட்டு, மூன்றாம் ஆண்டில்தான் அதை உணர்கின்றனர். சிறிய கல்லூரிகளில் சந்தைப்படுத்தல் போன்ற வகுப்பு ஒரு பருவத்தில் மட்டுமே நடக்கும். அதைத் தவறவிட்டால் ஓராண்டு போயிற்று. ஆகவே சேர்ந்த முதல் பருவத்திலேயே கல்லூரி ஆலோசகரைக் கண்டு, நான்கு பருவத்துக்கும் பாட அட்டவணையை எழுத்தில் பெறுக. எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் என்பதைக் காட்டும் 'அசிஸ்ட்' என்னும் பொதுப் பட்டியல் இணையத்தில் உள்ளது. பெற்றோரும் அதைப் பார்க்கலாம், கடினமன்று.

வேலை என்ன என்பார்க்கு: நிலம் வாங்கவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உழவருக்குக் கடன் வழங்கும் வங்கிகளில் பண்ணைக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். 1916இல் சட்டத்தால் தோன்றிய பண்ணைக் கடன் அமைப்பு அவற்றுள் பெரியது. பயிர்க் காப்பீடு, விளைபொருள் கொள்முதல், ஏற்றுமதி, விதை விற்பனை, 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கேற்பப் பதிவேடு பேணுதல், 2014ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டத்தின் கீழ் நீர்க்கணக்கு எழுதுதல் எனத் துறைகள் பல. 2022ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி அமெரிக்க உழவரின் சராசரி வயது 58.1. அவர்களுடைய கணக்குப் புத்தகங்களை அடுத்து யார் கையில் எடுப்பது என்பது இப்பள்ளத்தாக்கின் ஒவ்வோர் ஊரிலும் இன்று எழும் வினா. தொடக்க ஊதியம் மென்பொருள் துறையின் அளவுக்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் பிள்ளைகள் வாழும் விரிகுடாப் பகுதியிலிருந்து மொடெஸ்டோ, சலினாஸ், சான்டா ரோசா ஆகிய மூன்றும் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் சென்று சேரும் ஊர்களே. எல்லாக் கல்லூரிகளிலும் அலகுக் கட்டணம் ஒன்றே. பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். சேராமலே சுவைத்தும் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளியின் 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் பள்ளியில் படித்துக்கொண்டே சமுதாயக் கல்லூரியில் ஓரிரு பாடங்களை எடுக்க இம்மாநிலம் இடமளிக்கிறது. பெரும்பாலும் அவர்களுக்கு அலகுக் கட்டணமும் இல்லை. வேளாண் வணிக அறிமுகப் பாடத்தைச் சில கல்லூரிகள் இணையவழியே நடத்துவதால், வீட்டிலிருந்தே ஒரு பருவம் படித்துப் பார்க்க முடியும். அதற்குரிய படிவத்தில் பள்ளித் தலைமையாசிரியர் ஒப்பமும் பெற்றோர் ஒப்பமும் வேண்டும். இலையுதிர்ப் பருவ வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்குமாதலால், கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுமுன்னே தலைமையாசிரியரைப் பார்த்துவிடுவது நல்லது.